அம்மாவின் ஸ்டென்ட் தேதி அவனுக்கு எப்படித் தெரிந்தது? இன்சூரன்ஸ் கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

நொய்யல் தறி:
சோமனூரில் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறேன். அம்மாவுக்கு 67 வயது. மூன்று வருடம் முன்பு கோவையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம். கிளெய்ம் ஒழுங்காக வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். போன மாசியில் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. "எங்கள் சர்வரில் அனுமதியில்லாமல் யாரோ நுழைந்திருக்கிறார்கள், சில வாடிக்கையாளர்களின் தகவல் வெளியே போயிருக்கலாம், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று இருந்தது. இரண்டு வரி படித்துவிட்டு மூடிவிட்டேன். அம்மா மெயில் பார்ப்பவர் இல்லை. அவருடைய போனுக்கு ஒரு எஸ்எம்எஸ்கூட வரவில்லை.

பங்குனியில் அம்மாவுக்கு ஒரு அழைப்பு. பேசியவன் பாலிசி நம்பர் சொன்னான், நாமினி என்று என் பெயரைச் சொன்னான், ஸ்டென்ட் வைத்த தேதியையும் வீட்டுக்கு அனுப்பிய தேதியையும் சொன்னான். ஆஸ்பத்திரி பில்லில் இன்னும் 11,200 ரூபாய் உங்களுக்கு வர வேண்டியிருக்கிறது என்றான். அம்மா நம்பி ஓடிபியைச் சொல்லிவிட்டார். 48,500 ரூபாய் போய்விட்டது. மறுநாள் காலையில் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழைத்தேன், 12,000 ரூபாயை மட்டும் நிறுத்த முடிந்தது.

கம்பெனிக்கு எழுதினேன். "ஓடிபியைப் பகிர்ந்தது வாடிக்கையாளர். எங்கள் சர்வர் சம்பவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை" என்று பதில் வந்தது. ஸ்டென்ட் வைத்த தேதி அம்மாவுக்கே நினைவில்லை. எனக்கும் ஃபைலை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். வழக்குப் போட்டால் நிற்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கொல்லிமலை அடிவாரம்:
நிற்காதுங்க. நாமக்கல்லில் 19 வருடமாக ஏஜென்டாக இருக்கிறேன், நான் பார்க்கும் கம்பெனி வேறு. இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஓடிபி சொன்ன இடத்திலேயே கேஸ் பாதி போய்விட்டது. வங்கிப் பக்கமும் அப்படித்தான். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே ரகசிய எண்ணைச் சொல்லியிருந்தால் வங்கியில் புகார் தரும் வரைக்கும் போன பணம் அவர் தலையில்தான்.

குறைகளை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். கிளெய்ம் மறுப்பு, தாமதம், பிரீமியத் தகராறு, பொய் சொல்லி பாலிசி விற்றது போன்றவற்றுக்குத்தான் அவர். தகவல் திருட்டு அந்தப் பட்டியலில் இல்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டத்தில் 250 கோடி வரை அபராதம் உண்டுதான். ஆனால் அது அரசாங்கக் கஜானாவுக்குப் போகும். உங்கள் அம்மாவுக்கு ஒரு ரூபாய் வராது.

அமெரிக்காவில் ஆந்தம் என்ற பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியில் 2015-ல் 7.88 கோடி பேரின் தகவல் போனது. பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து போட்ட வழக்கை முடித்துக்கொள்ள 11.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்றரை டாலர் தேறாது. அங்கேயே அப்படி. தறி ஓட்டுகிற உங்களுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி.

பவானிக்கரை:
ஈரோட்டில் வக்கீலாக இருக்கிறேன், நுகர்வோர் வழக்குகள்தான் அதிகம். ஏஜென்ட் அண்ணா ஆம்புட்ஸ்மேன் பற்றியும் 2023 சட்டம் பற்றியும் சொன்னது சரி. ஆனால் வாய்தாச் செலவைக் காட்டிப் பயமுறுத்துவதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தம்பி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2019 சட்டப்படி கம்பெனியின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்குக் கோவை. கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பாலிசி அம்மா பெயரில்தானே? அவர் பெயரில்தான் புகார் போக வேண்டும். வக்கீல் வேண்டுமென்றால், பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும், 15100க்குப் பேசுங்கள். இரண்டு வருடம் கெடு, அதைத் தாண்ட விடாதீர்கள்.

ஓடிபி சொன்னதால் கேஸ் போய்விடாது. சேவைக் குறைபாடு என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே அலட்சியமும் வருகிறது. அம்மா ஏன் அவனை நம்பினார்? ஸ்டென்ட் தேதியைச் சொன்னதால் நம்பினார். அந்தத் தேதியைப் பூட்டி வைக்க வேண்டியது யார்? அந்தக் கேள்விதான் வழக்கு. சர்வரில் ஆள் நுழைந்ததைக் கம்பெனியே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள்.

கொல்லிமலை அடிவாரம்:
அக்கா, மெயிலில் "போயிருக்கலாம்" என்றுதான் இருக்கிறது. அந்தத் தேதி ஆஸ்பத்திரியில் இருக்கும், கிளெய்ம் பார்க்கிற டிபிஏவிடம் இருக்கும், ஏஜென்டிடம் இருக்கும். மனசாட்சியோடு சொல்கிறேன், என் போனிலேயே எத்தனையோ பேருடைய டிஸ்சார்ஜ் சம்மரி கிடக்கிறது. எல்லாம் வாட்ஸப்பில் வந்தவை. எந்த ஓட்டையில் ஒழுகியது என்று யார் நிரூபிப்பது?

பல்லடம் ரோடு:
கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இன்னொரு வழி சொல்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஏ பிரிவு. முக்கியமான தனிப்பட்ட தகவலை ஒரு கம்பெனி அலட்சியமாக வைத்து அதனால் ஒருவருக்கு நட்டம் வந்தால், கம்பெனி இழப்பீடு தர வேண்டும். மருத்துவப் பதிவுகள் அந்தப் பட்டியலில் 2011 விதிகளிலேயே இருக்கின்றன. 5 கோடி வரையிலான கோரிக்கையை மாநில ஐடி செயலாளர் விசாரிப்பார். தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒருவர் போலி மெயிலை நம்பிப் பணத்தை இழந்தார். அந்தத் தனியார் வங்கி அவருக்கு 12.85 லட்சம் தர வேண்டும் என்று 2010-ல் தமிழ்நாட்டு ஐடி செயலாளர் இதே சட்டத்தின் கீழ் உத்தரவு போட்டார். அவரும் தகவலைத் தானே கொடுத்தவர்தான்.

ஒன்று கவனியுங்கள். புதிய தரவுச் சட்டம் இந்த 43ஏ பிரிவை நீக்குகிறது. 2025 நவம்பரில் விதிகள் வந்தபோது, நீக்கும் பகுதிக்கு 18 மாதம் தள்ளி நாள் குறித்தார்கள். 2027 மே வரைக்கும்தான் அந்தக் கதவு திறந்திருக்கும். பாதிக்கப்பட்டவனுக்கு நேராக இழப்பீடு தந்த பிரிவை எடுத்துவிட்டு, அபராதத்தைக் கஜானாவில் போடுகிற சட்டத்தை வைக்கிறார்கள். இது எனக்கு ஆறவே இல்லை.

பவானிக்கரை:
பல்லடம் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வழியில் சென்னை போக வேண்டும், கேட்கும் தொகைக்கு ஏற்பக் கட்டணமும் உண்டு. 48,500க்கு நான் கோவையைத்தான் சொல்வேன். அண்ணன் கேட்ட நிரூபணம்தான் உண்மையான சிக்கல், அதை மறைக்க மாட்டேன். இது ஆழமாகச் சாட்சி விசாரிக்க வேண்டிய விஷயம், வேறு நீதிமன்றம் போங்கள் என்று ஆணையம் திருப்பி அனுப்பவும் கூடும்.

அதனால்தான் முதலில் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறேன். சர்வரில் ஆள் நுழைந்தது எந்தத் தேதியில் உங்களுக்குத் தெரிந்தது, என் ஃபைலில் எவையெவை போயின, சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் சொன்னீர்களா, எனக்கு ஏன் எஸ்எம்எஸ் அனுப்பவில்லை. இந்த நாலையும் கேளுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். கூடவே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் பதியுங்கள். பதில் சொல்லாமல் விட்டால் அதுவே நுகர்வோர் ஆணையத்தில் அவர்களுக்கு எதிராகப் பேசும். டிபிஏவையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். அவர்களை நியமித்தது கம்பெனிதான்.

சிங்காநல்லூர் குளம்:
நான் நர்ஸ். எல்லோரும் 48,500 பற்றியே பேசுகிறீர்கள். பணம் போகாதவர்களுக்கு என்ன வழி? 2024 செப்டம்பரில் ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் ஆவணங்கள் டெலிகிராம் பாட்களில் (தானாகப் பதில் தரும் கணக்குகளில்) கேட்டால் கிடைத்தன என்று செய்தி வந்தது. 3 கோடிப் பேருக்கு மேல் என்று திருடியவன் சொல்லிக்கொண்டான். கம்பெனி கோர்ட்டுக்குப் போய் அந்த பாட்களை முடக்க இடைக்கால உத்தரவு வாங்கியது. ஆனால் வெளியே போன ஒரு சோதனை ரிப்போர்ட்டை யாரால் திரும்ப வாங்க முடியும்? எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்துக்கு முன்னால் வியாதியை விசாரிக்கிறார்கள். கருக்கலைப்பு, மனநல மாத்திரை, வலிப்பு எல்லாம் அந்த ஃபைல்களில் இருக்கும். நோயாளி எங்களிடம் காதோடு சொன்னவை அவை.

கொல்லிமலை அடிவாரம்:
அம்மிணி, நீங்கள் சொல்வது மனதை உறுத்துகிறது. ஆனால் அந்த வலிக்குச் சட்டத்தில் அளவுகோல் எங்கே இருக்கிறது?

பவானிக்கரை:
இருக்கிறது, ஆனால் இறுக்கமாக இல்லை. நம்பிச் சொன்ன தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாக மற்றவருக்கு வெளிப்படுத்துவது முறையற்ற வணிகம் என்று நுகர்வோர் சட்டமே சொல்கிறது. "நாங்கள் வெளிப்படுத்தவில்லை, திருடன் எடுத்தான்" என்று கம்பெனி வாதாடும். அதனால் இதை மட்டும் நம்பாமல் அலட்சியத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். மன உளைச்சலுக்கு ஆணையங்கள் தொகை கொடுத்து வருகின்றன, அதைத் தனியாகக் கேளுங்கள். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் பலர் இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்கும் சேர்த்து ஒருவரே புகார் கொடுக்க 35-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒன்றரை டாலர் கணக்குச் சொன்ன அண்ணா, தனியாளாக யாரும் அவ்வளவு பெரிய கம்பெனியை அந்தச் சமரச மேசைக்கு இழுத்திருக்க முடியாது.

நொய்யல் தறி:
எல்லோருக்கும் நன்றிங்க. அம்மா இரண்டு மாதமாகப் போன் அடித்தாலே எடுப்பதில்லை. "என்னாலதானே போச்சு கண்ணு" என்கிறார். பணத்தைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது. நோட்டீஸ் அனுப்பப் போகிறேன்.

கொல்லிமலை அடிவாரம்:
தம்பி, ஜெயிப்பீர்கள் என்று நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவன் அம்மாவின் நம்பருக்குத்தானே அழைத்தான்? ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது யாருடைய நம்பரைக் கொடுத்தீர்கள்?

நொய்யல் தறி:
இப்போதுதான் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். டிஸ்சார்ஜ் சம்மரி, பில், அட்மிஷன் சீட்டு எல்லாவற்றிலும் என் நம்பர்தான். அம்மாவுக்கு அப்போது போனே கிடையாது. அடுத்த வருடம்தான் வாங்கிக் கொடுத்தேன். ரினியூவலில் ஓடிபி வரட்டும் என்று அந்த நம்பரை நானே கம்பெனியின் ஆப்பில் ஏற்றினேன். ஏஜென்ட் கிடையாது, நேரடியாகத்தான் கட்டினேன்.

கொல்லிமலை அடிவாரம்:
அப்படியென்றால் ஆஸ்பத்திரிக்கு அந்த நம்பர் தெரியவே தெரியாது. அந்த அட்மிஷன் சீட்டையும், ஆப்பில் நம்பர் மாற்றியதற்கு வந்த உறுதி எஸ்எம்எஸ்ஸையும் தேடி எடுத்து, நோட்டீஸ் நகலோடு சேர்த்து முதல் பக்கமாக வையுங்கள். ஏஜென்ட் பக்கத்து விவரம் ஏதாவது தேவைப்பட்டால் தனியாகக் கேளுங்க, எழுதித் தருகிறேன்.