சந்தேகம்: என்ஜிசி பாமில எஸ்பிகாஸ்9-என்ஜி ஏன் வேலை செய்யுதில்லை?

வடலி (திருநெல்வேலி, யாழ்ப்பாணம்):
மொட்டைக்கறுப்பன் நெல்லின்ர டிஎன்ஏயில ஒரேயொரு ஏ எழுத்தை ஜி ஆக்கவேணும். கருவி, எஸ்பிகாஸ்9-என்ஜியோட (வழிகாட்டி ஆர்என்ஏ காட்டுற இடத்தில ஒட்டுற காஸ்9 நொதியத்தின்ர ஒரு வகை) பூட்டின ஏபிஇ8இ (ஏயை ஜி ஆக்கிற எடிற்றர்). காஸ்9 ஒட்டுறதுக்கு இலக்குக்குப் பக்கத்தில இருக்கவேண்டிய மூண்டெழுத்துத்தான் பாம் (PAM; என் எண்டால் எந்த எழுத்தும்). சாதாரண காஸ்9 கேக்கிற என்ஜிஜி பக்கத்தில இல்லை, கிடைச்ச பாம் ரிஜிசி (TGC). இலக்கு ஏ, வழிகாட்டி பொருந்துற 20 எழுத்தில 6ஆம் இடத்தில (பாம் 21-23 எண்டு எண்ணினால்). 2 லட்சம் புரோட்டோபிளாஸ்ற் (சுவர் நீக்கின கலம்), பிளாஸ்மிட் 20 மைக்ரோகிராம், 40% பெக் (டிஎன்ஏயைக் கலத்துக்குள்ள ஏத்திற பொலியெதிலீன் கிளைக்கோல்), 28 பாகையில 48 மணித்தியாலம். தனியாப் போட்ட ஒளிர்புரதம் ஜிஎப்பி பாதிக் கலத்தில ஒளிருது. சாங்கர் வாசிப்பில (வழமையான டிஎன்ஏ வாசிப்பு) மாற்றம் ஒண்டும் தெரியேல்லை. காஸ்9இன்ர இன்னொரு வகையான ஸ்பிரைக்கு (SpRY) எந்தப் பாமும் சரியாமே, மாறவா?

பனங்கூடல்:
பொறுங்கோ. சாங்கரில 5 சதவீதத்துக்குக் கீழ்ப்பட்ட மாற்றம் இரைச்சலுக்குள்ள தாண்டுபோகும். அதே டிஎன்ஏயை ஆம்பிளிகன் ஆழ்வாசிப்புக்கு (இலக்குத் துண்டைப் பெருக்கி ஆயிரக்கணக்கில வாசிக்கிறது) குடுங்கோ. என்ஜிஜி பாம் உள்ள வேறொரு இலக்கை இதே நொதியத்தோட கட்டுப்பாடா வையுங்கோ. அதுவும் பூச்சியமெண்டால் பிழை பாமில இல்லை.

எண்டாலும் எனக்குச் சந்தேகம் அந்தக் கடைசி சியிலதான். சாதாரண காஸ்9இல 1333ஆம், 1335ஆம் இடத்து ஆர்ஜினின் அமினோவமிலங்கள் பாமின்ர ரெண்டு ஜியையும் ஆளுக்கொண்டாப் பிடிக்கும். 2018இல ஜப்பானில நூரேக்கி குழு 1335ஐ வலீன் ஆக்கி மூண்டாம் எழுத்தின்ர பிடியை விட்டது, அதுதான் காஸ்9-என்ஜி. போன இறுக்கத்தை ஈடுகட்ட வேற ஆறு இடம் மாத்தினவை. ஆனால் அந்த ஈடு எல்லாப் பாமுக்கும் ஒரேயளவில்லை. என்ஜிசி அதுக்குச் சவலைப்பிள்ளை.

ஏ 4இலயிருந்து 8 வரை எங்க நிண்டாலும் மாறும். வழிகாட்டியை ஒவ்வொரு எழுத்தா நகர்த்தி என்ஜிஏ, என்ஜிரி வருதோ பாருங்கோ.

வடலி:
பார்த்தன் அண்ணை. அந்த அஞ்சு நிலையிலயும் பாமின்ர ரெண்டாம் எழுத்தா ஜி விழுறது இந்த ஒண்டிலதான்.

உப்புவெளி:
அப்ப எஸ்பிஜி (SpG) எண்ட காஸ்9 வகையைப் போடுங்கோ. 2020இல கிளைன்ஸ்டிவர் குழு எஸ்பிஜி, ஸ்பிரை ரெண்டையும் சேர்த்துத்தான் வெளியிட்டது. எஸ்பிஜி என்ஜிசி உட்பட நாலு என்ஜிஎன்னையும் ஓரளவு சமனாப் பிடிக்கும். இலக்கை எட்டுற நொதியங்களில ஆகக் குறைஞ்ச பாம்களை மட்டும் ஏற்கிறதை எடுக்கிறதுதான் புத்தி. ஸ்பிரை போற வழியெல்லாம் நிண்டு நிண்டு பார்க்கிறதால மெதுவா வேலை செய்யும், பிற இடத்திலயும் கைவைக்கும்.

அதைவிடப் பெரிய கரைச்சல் பிளாஸ்மிட்டில. வழிகாட்டியின்ர 20 எழுத்துக்கு அடுத்து சாரம் (வழிகாட்டியில காஸ்9 பிடிக்கிற மாறாத பகுதி) ஜிரிரி (GTT) எண்டு தொடங்குது. காஸ்9-என்ஜி, எஸ்பிஜி ரெண்டும் அதைச் சட்டை செய்யாது. ஸ்பிரை அதையும் பாமா எடுத்து, தன்ர வழிகாட்டியின்ர ஏயையே ஜி ஆக்கும். நிண்ட கொப்பை வெட்டின கதைதான். கட்டாயம் ஸ்பிரைதான் எண்டால் அந்த ரெண்டு ரியையும் சி ஆக்குங்கோ. அதோட சோடிசேருற ரெண்டு ஏயையும் ஜி ஆக்காட்டில் சாரத்தின்ர தண்டு குலையும்.

எஸ்பிஜி புரதம் கிடைச்சால் முதல்ல குழாயில சோதிக்கலாம். உங்கட எடிற்றர் நிக்கேஸ். ஒரு இழையைத்தான் கீறும், ஜெல்லில ரெண்டு துண்டு வராது. அதால ரெண்டு இழையையும் வெட்டுற நியூக்கிளியேஸ் வடிவம் வேணும். 30 மைக்ரோலீற்றரில புரதம் 30 நானோமோலார், வழிகாட்டி 30, பிசிஆர் துண்டு 3. டிஎன்ஏ இல்லாமல் 25 பாகையில 10 நிமிசம், பிறகு டிஎன்ஏ போட்டு 37 பாகை. 15 நிமிசத்தோட நிப்பாட்டாமல் 1, 3 மணித்தியாலத்திலயும் எடுத்துப் பாருங்கோ. புரதத்தைச் சிதைக்கிற புரதீனேஸ் கே 1 மைக்ரோலீற்றர் போடாட்டில் காஸ்9 டிஎன்ஏயை விடாது, பட்டி இழுபட்டுக் கிடக்கும்.

பனங்கூடல்:
இன்னொண்டு. வழிகாட்டியைப் படியெடுக்கிற நெல் யூ3 ஊக்கி ஏயிலதான் தொடங்கும். வழிகாட்டியில முதலெழுத்து ஏ இல்லாட்டில் முன்னால ஒரு ஏ சேர்த்து 21 ஆக்குங்கோ, இருக்கிற எழுத்தை மாத்தவேண்டாம். எச்எப் வகைக்கு (பிற இடத்தில கைவைக்கிறதைக் குறைச்ச துல்லிய காஸ்9) அந்த மேலதிக எழுத்து ஒத்துவராது, அதுக்கு ரிஆர்என்ஏயை (tRNA) முன்னால சேர்த்து வழிகாட்டியை வெட்டி எடுக்கிற கட்டமைப்புத்தான் சரி.

வடலி:
யூ3தான், வழிகாட்டி சியில தொடங்குது, அந்தச் சியைத்தான் ஏ ஆக்கியிருக்கிறன். 21ஆத் திரும்பக் கட்டுறன். பழைய டிஎன்ஏயை ஆழ்வாசிப்புக்கு அனுப்பிப்போட்டு எஸ்பிஜிக்கு மாறுறன்.

உப்புவெளி:
எஸ்பிஜியை 72 மணித்தியாலம் விடுங்கோ, 48 காணாது.