மேக்புக் ஏர் அடிமூடியில் ஒரே ஒரு ஸ்க்ரூ கழலவில்லை

தங்கையின் 13 அங்குல மேக்புக் ஏர், 2017 மாடல், ஏ1466. பேட்டரி சைக்கிள் (முழு சார்ஜ் தீர்ந்த எண்ணிக்கை) 1000-ஐத் தாண்டிவிட்டது, இந்த மாடலுக்கு அதுதான் வரம்பு. சார்ஜரைப் பிடுங்கினால் உடனே அணைந்துவிடுகிறது. சித்திரையிலிருந்தே இப்படித்தான். ஆய்வேடு முழுக்க இதில்தான் எழுதுகிறாள், அதனால் புது பேட்டரி வாங்கிவிட்டோம்.

அடிமூடியில் மொத்தம் 10 ஸ்க்ரூ, எல்லாம் ஐந்து இதழ் தலை (பி5). ஒன்பது கழன்றுவிட்டன. கீல் பக்கம் இருக்கும் இரண்டு 9 மிமீ நீள ஸ்க்ரூவில் ஒன்றின் தலை மட்டும் முழுசாகத் தேய்ந்து கிடக்கிறது, முன்பு ஃபேன் சுத்தம் செய்த கடையில் தவறான டிரைவரைப் போட்டுத் திருகியிருக்கிறார்கள்.

புது பி5 டிரைவரை நன்றாக அழுத்தித் திருப்பினேன், நடுவில் ரப்பர் பேண்ட் வைத்துப் பார்த்தேன், சின்னத் தட்டை டிரைவரும் போட்டேன், எதிலும் பிடிக்கவில்லை. மூடியை நெம்பினால் வளைந்துவிடும். இங்கே மதுரையில் விசாரித்த கடைக்காரர் ட்ரில் போடலாம் என்கிறார், ஆனால் உலோகத் தூள் போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும், அப்புறம் பேட்டரி இணைப்பு வேறு இன்னும் உள்ளே அப்படியே இருக்கிறது.

ட்ரில் போடாமல் இந்த ஸ்க்ரூவை எடுக்க என்ன வழி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.