தேநீரை மறுத்த இரண்டு 'மூப்பர்கள்': மார்மன் ஊழியக்காரர்களின் அன்றாட வாழ்க்கை எப்படிப்பட்டது?

கேள்வி: நகோயாவாசி

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகளாக ஜப்பானில், நகோயாவின் புறநகர் ஒன்றில் கணவருடனும் மகளுடனும் வசித்து வருகிறேன். சென்ற சனிக்கிழமை நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பதால், விவரம் அறிந்தவர்களிடம் கேட்கலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

அன்று பிற்பகல் நல்ல மழை. கணவர் வேலைக்குப் போயிருந்தார், மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அழைப்புமணி கேட்டுக் கதவைத் திறந்தால், வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்த இரண்டு அமெரிக்க இளைஞர்கள், மிதிவண்டித் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொட்டச் சொட்ட நனைந்து நின்றார்கள். சட்டைப் பையில் கறுப்பு நிறப் பெயர் அட்டை இருந்தது. அதில் குடும்பப் பெயரும், அதையடுத்து 'சோரோ' என்ற சொல்லும் எழுதப்பட்டிருந்தன. சோரோ என்றால் மூப்பர், பெரியவர் என்று பொருள். இந்த மூப்பர்கள் இருவருக்கும் சேர்த்தே நாற்பது வயது தாண்டாது. ஒருவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஆனால் அவர்கள் பேசிய ஜப்பானிய மொழி, எட்டு ஆண்டுகளாக இங்கேயே இருக்கும் என்னுடையதைவிடச் சரளமாக இருந்தது.

உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள், தேநீர் போட்டுத் தருகிறேன் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மிகுந்த பணிவோடு இரண்டையும் மறுத்துவிட்டு, ஒரு சிறு அட்டையைக் கொடுத்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டார்கள். வாசலுக்கு வந்த பிள்ளைகளை ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்க வைக்காமல் அனுப்பியது எனக்குப் பெரிய குறையாகப்பட்டது. என் அழைப்பில் ஏதேனும் தவறு இருந்ததா? இவர்கள் எங்கே தங்குகிறார்கள், யார் செலவில் வாழ்கிறார்கள், பெற்றோருடன் பேச அனுமதி உண்டா? மதம் மாறும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லாதபோது அவர்களைச் சாப்பிட அழைப்பது ஏமாற்றுவது ஆகுமா?

பதில் 1: முன்னாள் புரோவோ மாணவன்

சகோதரி, உங்கள் அழைப்பில் ஒரு தவறும் இல்லை. அந்த இளைஞர்கள் உங்களை அவமதிக்கவும் இல்லை. யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில் நான்கு ஆண்டுகள் ஆய்வு மாணவனாக இருந்தேன். என்னோடு ஆய்வகத்தில் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் இப்படி ஏதாவதொரு நாட்டில் மார்மன் என்ற கிறிஸ்தவ சபைக்காக ஊழியம், அதாவது மதப் பிரசாரப் பணி, முடித்துவிட்டு வந்தவர்கள் என்பதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேநீரை மறுத்ததற்கும் வீட்டுக்குள் வராததற்கும் வெவ்வேறு காரணங்கள் உண்டு. அவர்களுடைய சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833இல் அறிவித்த 'ஞான வார்த்தை' என்ற உணவு நெறியின்படி மது, புகையிலை, காப்பி, தேநீர் ஆகிய நான்கும் விலக்கப்பட்டவை. பச்சைத் தேநீரும் தேயிலைதான் என்பதால், ஜப்பானில் யார் வீட்டுக்குப் போனாலும் இந்தச் சங்கடம் அவர்களுக்கு வரும். தேயிலையே இல்லாத வாற்கோதுமைக் கஷாயமான முகிச்சாவை மகிழ்ச்சியோடு குடிப்பார்கள். இனி வீட்டுக்குள் வராத விஷயம். நீங்கள் ஒருவர் மட்டுமே கதவருகில் நின்றிருப்பீர்கள். எதிர்ப்பாலினத்தவர் தனியாக இருக்கும் வீட்டுக்குள், தங்கள் பாலினத்தைச் சேர்ந்த மற்றொரு பெரியவர் அங்கே இல்லாவிட்டால், அவர்கள் நுழையக் கூடாது என்பது கண்டிப்பான விதி. கணவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் அழைத்திருந்தால் வந்திருப்பார்கள்.

எந்த நாட்டுக்குப் போவது என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. விண்ணப்பமும் மருத்துவச் சான்றும் சால்ட் லேக் சிட்டியில் உள்ள தலைமையகத்துக்குப் போகும். சில வாரங்களில் எந்த நாடு, எந்த மொழி என்ற செய்தி வரும். பள்ளியில் நான்கு ஆண்டுகள் ஸ்பானிய மொழி படித்த என் ஆய்வக நண்பர் ஒருவரை மங்கோலியாவுக்கு அனுப்பினார்கள். ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள், பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. 2012 அக்டோபரில் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயதை 19இலிருந்து 18 ஆகவும், பெண்களுக்கானதை 21இலிருந்து 19 ஆகவும் குறைத்தார்கள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கிளம்பிவிடுகிறவர்கள் அதன் பிறகு மிகுதி. ஜப்பானுக்கு வருபவர்களுக்கு ஏறக்குறைய ஒன்பது வாரங்கள் மொழிப் பயிற்சி; பின்பு ஊரில் இறங்கித் தெருவிலேயே மீதியைக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

பணம் அவர்களுடையது, அல்லது குடும்பத்துடையது. சம்பளம் கிடையாது. முன்பெல்லாம் எந்த நாட்டுக்குப் போனார்களோ அந்த நாட்டின் விலைவாசிப்படி குடும்பம் செலவழிக்க வேண்டியிருந்ததால், ஜப்பான் என்று வந்துவிட்டால் வீட்டில் கவலைப்பட்டிருக்கிறார்கள். 1991 முதல் எங்கே போனாலும் ஒரே தொகை என்று ஆக்கினார்கள். அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் 2020 ஜூலை முதல் மாதம் 500 டாலர் கட்டுகிறார்கள். வாடகையைச் சபை கொடுத்துவிடும். சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் மாதப்படி அளந்து வரும்.

காலை 6.30க்கு எழுவது, அரைமணி நேர உடற்பயிற்சி, குளியல், சிற்றுண்டி, அதன் பின் வேத வாசிப்பும் மொழிப் படிப்பும். பிறகு வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது மணி அளவில்தான் அறைக்குத் திரும்புவார்கள், 10.30க்கு விளக்கணைத்துவிட வேண்டும். 2017இல் கொஞ்சம் தளர்த்தி, அந்தந்த நாட்டு வழக்கத்துக்கு ஏற்ப நேரத்தை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தார்கள். இருந்தாலும் சட்டகம் அதேதான்.

பதில் 2: யூட்டா மருமகள்

மேலே எழுதியவர் வெளியிலிருந்து பார்த்ததைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். நான் அந்தச் சபையில் சேரவில்லை. ஆனால் என் புகுந்த வீட்டார் அனைவரும் அதில் இருப்பவர்கள். என் கணவர் 1990களின் நடுவில் கியூஷூ தீவில் இரண்டு ஆண்டுகள் ஊழியம் செய்தவர். ஆகவே கால அட்டவணைக்கு உள்ளே என்ன இருந்தது என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

அடைத்த கதவுகளைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. ஜப்பானில் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துபவர்கள் குறைவு. "இப்போது கொஞ்சம் வேலையாக இருக்கிறேன்" என்று குனிந்து வணங்கி அனுப்பிவிடுவார்கள். நாள் முழுவதும் இந்த மரியாதையான மறுப்பையே கேட்டுக்கொண்டு நடப்பது முதல் இரண்டு மாதம் வலிக்குமாம், பிறகு பழகிவிடுமாம். பழகாமல் போனது வேறொன்று. ஊழியத்தில் ஒருவரும் தனியாக இருக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு துணைவரை மேலிடமே நியமிக்கும். குளியலறையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இருவரும் ஒருவர் மற்றவரின் பார்வையிலும் காது கேட்கும் தொலைவிலும் இருக்க வேண்டும். பெண் பார்க்கும் சடங்குகூட இல்லாமல் செய்துவைத்த கல்யாணம் என்று என் கணவரிடம் சொன்னேன். ஆமாம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும் கல்யாணம் என்றார். அவருக்கு வாய்த்த துணைவர்களில் ஒருவரோடு, பாடம் நடத்தும் நேரம் தவிர, ஐந்து வாரம் பேச்சுவார்த்தையே இல்லை. இத்தனைக்கும் சண்டையின் காரணம், சோறு வடித்த பாத்திரத்தை யார் கழுவுவது என்பதுதான். அந்த மனிதர்தான் பின்னாளில் எங்கள் திருமணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார்.

காகோஷிமாவில் இருந்தபோது இன்னொரு துன்பம். வளைகுடாவுக்கு எதிரில் இருக்கும் சகுராஜிமா எரிமலை அடிக்கடி சாம்பலைத் துப்பும். வெள்ளைச் சட்டைதான் சீருடை. கொடியில் காயப்போட்டால் மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். துவைக்கும் நாளோ வாரத்துக்கு ஒன்றுதான். பெரும்பாலும் திங்கட்கிழமையில் வரும் அதை 'ஆயத்த நாள்' என்பார்கள். துணி துவைப்பது, முடி வெட்டிக்கொள்வது, கடைக்குப் போவது, வீட்டுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் அன்று மாலை ஆறு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். ஆறு மணிக்கு மறுபடி டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கையில் காசு குறையும் மாதக் கடைசியில், ரொட்டிக் கடைகளில் வெட்டி ஒதுக்கும் ரொட்டி ஓரங்களை மலிவாக வாங்கி வந்து வறுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். கிழங்கும் முள்ளங்கியும் ஆரஞ்சும் கொடுத்தனுப்பிய பாட்டிமார்கள் பலர். அவர்களில் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் சபையில் சேர்ந்தார்கள் என்று கேட்டால் என் கணவர் ஒரு கையின் விரல்களை மடக்குவார். எல்லா விரல்களும் மடங்காது.

பெற்றோருடன் பேசுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் காலத்தில் ஆண்டுக்கு இரண்டே தொலைபேசி அழைப்புகள்: கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. என் மாமியார் அந்த இரண்டு நாளும் தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம். 2019 பிப்ரவரியிலிருந்து வாரந்தோறும் ஆயத்த நாளில் பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள். "அப்படியென்றால் இது ஊழியமே இல்லை" என்று பழைய ஆட்கள் சிலர் முணுமுணுத்தார்கள். மாமியார் மட்டும், இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாமே என்றார். நான் மாமியார் பக்கம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: சாப்பிட அழைப்பதானால் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று இரண்டு வேளை உண்ணா நோன்பு இருப்பார்கள்.

பதில் 3: யோகோஹாமா வாசகர்

நகோயாவாசி அவர்களின் கடைசிக் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். சாப்பிட அழைப்பது ஏமாற்று ஆகாது. ஆனால் உங்கள் எண்ணத்தைச் சொல்லாமல் வைத்திருப்பது அவர்களுக்கு நேர விரயம் ஆகும். அவர்கள் வருவது நட்புக்காக மட்டும் அல்ல. தங்கள் நம்பிக்கையை எடுத்துச் சொல்லி, தங்கள் சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தைப் படிக்கச் செய்து, ஞானஸ்நானம் வரை கொண்டுவருவதே நோக்கம். நல்ல பிள்ளைகள் என்ற இரக்கத்தில் நாம் அதை மறந்துவிடக் கூடாது. நான் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சப்பட்டு, "பார்க்கலாம், படித்துச் சொல்கிறேன்" என்றே இழுத்துக்கொண்டிருந்ததில், மூன்று மாதம் தவறாமல் வந்தார்கள். ஒருநாள் தெளிவாகச் சொன்னேன். நன்றி கூறிவிட்டு, தோட்டத்தில் ஏதேனும் வேலை இருந்தால் உதவட்டுமா என்று கேட்டு, இல்லை என்றதும் போய்விட்டார்கள்.

எங்கள் ஊருக்கும் இவர்களுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஜப்பானுக்கு வந்த முதல் மார்மன் ஊழியக்காரர்கள் நால்வரும் 1901 ஆகஸ்டில் இறங்கியது யோகோஹாமா துறைமுகத்தில்தான். தலைவராக வந்த ஹீபர் கிராண்ட் பின்னாளில் சபையின் உலகத் தலைவரானார். ஆனால் என்னைக் கவர்ந்தவர் அவர் அல்ல. நால்வரில் இளையவரான ஆல்மா டெய்லர். பத்தொன்பது வயதில் ஒரு சொல் ஜப்பானிய மொழிகூடத் தெரியாமல் வந்தவர், எட்டு ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே தங்கி, மார்மன் புஸ்தகத்தை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார். அது 1909இல் வெளியாயிற்று. சேர்ந்தவர்கள் மிகக் குறைவாக இருந்ததால் 1924இல் ஊழியத்தையே மூடிவிட்டுப் போனார்கள். போருக்குப் பிறகு 1948இல்தான் மீண்டும் திறந்தார்கள். உங்கள் வாசலில் நனைந்து நின்ற 'மூப்பர்' வயதில் ஒருவர் எட்டு ஆண்டு ஊர் திரும்பாமல் இருந்ததை எண்ணிப் பார்த்தால், இரண்டு ஆண்டு என்ற இன்றைய வரம்பு எனக்குக் கருணை மிக்கதாகத் தோன்றுகிறது.

நகோயாவாசி

பதிலளித்த மூவருக்கும் நன்றி. அட்டையில் இருந்த எண்ணுக்குக் கணவரைக் கொண்டே அழைத்து, மதம் மாறும் எண்ணம் எங்களுக்கு இல்லை, சாப்பிட மட்டும் வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை இருவரும் வந்தார்கள். சாம்பாரை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் பயந்ததுபோல் காரம் அவர்களை ஒன்றும் செய்யவில்லை.

சிக்கல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. தேயிலை இல்லாத பானமாகத் தர வேண்டும் என்று யோசித்து, சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுப் பனைவெல்லத்தில் சுக்குக் காப்பி வைத்திருந்தேன். என் கணவர் பெருமையோடு "சுக்குக் காப்பி" என்று பெயரைச் சொல்லிக்கொண்டே கோப்பையை நீட்ட, நீண்ட இரண்டு கைகளும் அப்படியே பின்வாங்கிவிட்டன. காப்பி இல்லாத ஒன்றுக்கு நம் ஊரில் காப்பி என்று பெயர் வைத்த கதையை ஜப்பானிய மொழியில் விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் சுக்கையும் மல்லியையும் தட்டில் வைத்துக் காட்டிய பிறகுதான் குடித்தார்கள். இளையவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் திங்கட்கிழமை அம்மாவிடம் பேசும்போது காட்டுவாராம்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். அன்று அவர் மறந்துவிட்டுப் போன மழைச்சட்டை எங்கள் வீட்டில் இருக்கிறது. இந்த வாரம் விசாரித்ததில் அவருக்கு வேறோர் ஊருக்கு மாற்றலாகிவிட்டது என்றார்கள். மற்றவரிடம் கொடுத்தால் அவருக்குப் போய்ச் சேருமா?

யூட்டா மருமகள்

தாராளமாகக் கொடுக்கலாம். அருகருகே ஊழியம் செய்பவர்கள் வாரந்தோறும் ஒன்றுகூடுவார்கள். அவ்வப்போது பெரிய கூட்டங்களும் நடக்கும். அப்படிக் கை மாறி மாறிப் போய்ச் சேர்ந்துவிடும், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். மழைச்சட்டையின் பையில் ஒரு பொட்டலம் சுக்கு-மல்லிப் பொடியும் வைத்து அனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் 'காப்பி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.