டாவிக்கு முன்னால் சிடி போதுமா, ஆஞ்சியோவும் வேண்டுமா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு 76 வயது. இதயத்தில் அயோர்டிக் வால்வு சுருங்கிவிட்டது. நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாக வால்வு வைக்கும் டாவி செய்யலாம் என்கிறார்கள். சிடி ஸ்கேன் எடுத்தாயிற்று. இப்போது கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு இதய ரத்தக் குழாய்களைப் பார்க்கும் ஆஞ்சியோவும் வேண்டுமாம். கிட்னி டெஸ்டில் கிரியேட்டினின் 1.6. அவசியமா?

சாக்பீஸ்:
வேண்டாம் என்பேன். வால்வு வளையத்தின் அளவு, தொடைக் குழாயின் அகலம் எல்லாம் சிடியிலேயே கிடைக்கும். இதயக் குழாய்களையும் அதிலேயே பார்க்கலாம். அடைப்பில்லை என்று தெளிவாகத் தெரிந்தால் ஆஞ்சியோ எதற்கு? கிட்னி ஏற்கெனவே சுமார்தான். படத்தில் குழாய் தெரிவதற்காக ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து மறுபடியுமா?

பழைய ஸ்டெத்:
அந்தத் 'தெளிவாக'தான் சிக்கல், சார். இந்த வயதில் குழாயெல்லாம் சுண்ணாம்பு படிந்திருக்கும். சிடியில் அது இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும், சின்ன அடைப்பும் மிரட்டும். வால்வு வைத்தபின் ஆஞ்சியோ செய்யப் போனால் அதன் கம்பிக்கூடு கதீட்டரை மறிக்கலாம். இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

சாக்பீஸ்:
பார்த்து? அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட்தானே வைப்பீர்கள்? 2021இல் வந்த ஆக்டிவேஷன் ஆய்வில் முன்கூட்டியே ஸ்டென்ட் வைத்ததால் பெரிய லாபம் எதுவும் தெரியவில்லை. ரத்தக்கசிவுதான் கூடியது.

பழைய ஸ்டெத்:
2024இல் வந்த நோஷன்-3ஐ விட்டுவிட்டீர்களே! மரணம், மாரடைப்பு, அவசர ஸ்டென்ட் இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள், ஸ்டென்ட் வைத்த தரப்பில் 26 சதவீதம், வைக்காத தரப்பில் 36.

சாக்பீஸ்:
விடவில்லை. அதிலும் ரத்தக்கசிவு ஸ்டென்ட் வைத்தவர்களில் 28 சதவீதம், வைக்காதவர்களில் 20. அந்த ஆய்வில் சேர்த்தது 90 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு, அல்லது அழுத்தம் அளந்து உறுதி செய்த அடைப்பு உள்ளவர்களைத்தான். எல்லா அப்பாவுக்கும் அதைப் பொருத்த முடியாது.

மல்லிகை:
ஆஞ்சியோ எடுக்கும் கேத் லேபில் வேலை பார்க்கிறேன். இரண்டு பேரும் ரிப்போர்ட்டைப் பார்க்காமலே சண்டை போடுகிறீர்கள். வைகைக்கரை தம்பி, இதயக் குழாய் பற்றி சிடியில் என்ன எழுதியிருக்கிறது? அப்பா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் டாக்டரிடம் முன்னாலேயே சொல்லுங்கள். ஆஞ்சியோதான் என்றால் சிடிக்கும் அதற்கும் சில நாள் இடைவெளி கேளுங்கள்.

வைகைக்கரை:
எல்.ஏ.டி. என்ற இதயத்தின் முன்பக்கக் குழாயின் தொடக்கத்தில் அடர்ந்த சுண்ணாம்பு, அடைப்பின் அளவைக் கணிக்க இயலவில்லை என்று இருக்கிறது அக்கா.

சாக்பீஸ்:
அப்படியானால் ஆஞ்சியோ எடுக்கத்தான் வேண்டும். ஆனால் "எடுக்கும்போதே ஸ்டென்டும் வைத்துவிடுவோம்" என்று தாள் நீட்டினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

பழைய ஸ்டெத்:
எல்.ஏ.டி. தொடக்கத்தில் 90 என்றால் என்ன யோசனை சார்? அதே மேசையில் வைத்துவிட வேண்டியதுதான். பெரியவருக்கு எதற்கு இரண்டு தடவை கதீட்டர்?