ஸ்டேர்லிப்ட் ஏறும்போது மட்டும் மெதுவாகிறது: பேட்டரியா, மோட்டாரா?

கேட்டவர் (லெஸ்டர், இங்கிலாந்து):
வணக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலி. நேரான படிக்கட்டில் ஸ்டேர்லிப்ட் (படியோரத் தண்டவாளத்தில் ஆளை உட்காரவைத்து ஏற்றி இறக்கும் மின்நாற்காலி) பொருத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தண்டவாளம் ஏறத்தாழ நாலரை மீட்டர். முன்பு முக்கால் நிமிடத்துக்குள் மேலே போய்விடும். இப்போது ஒரு நிமிடத்தையும் தாண்டுகிறது, மாலையில் இன்னும் மோசம். இறங்கும்போது பழைய வேகம்தான். நடுப்படியில் நின்றுவிடுமோ என்று அம்மா பயப்படுகிறார். குளியலறையும் படுக்கையும் மாடியில்தான். வேகத்தைக் கூட்ட வழி இருக்கிறதா?

லிப்ட் பராமரிப்பவர்:
கூட்டும் வழியைத் தேட வேண்டாம். ஐரோப்பியத் தர விதி இ.என். 81-40 இன்படி நாற்காலி நொடிக்கு 0.15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. உங்கள் தண்டவாளத்துக்கு உச்ச வேகத்திலேயே அரை நிமிடம் ஆகும். புறப்படும்போதும் நிற்கும்போதும் மெதுவாகும். ஆகவே முக்கால் நிமிடம் இயல்பானதுதான்.

ஏறும்போது மட்டும் தளர்வதால் முதல் சந்தேகம் பேட்டரி மீதுதான். பெரும்பாலான மாடல்களில் வீட்டு மின்சாரம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதோடு சரி. மோட்டாரை ஓட்டுவது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள். ஏறும்போது ஆளையும் நாற்காலியையும் மோட்டார் தூக்க வேண்டும், மின்சாரத்தை அதிகம் இழுக்கும். தேய்ந்த பேட்டரியில் வோல்ட் அப்போது சரிந்துவிடும். இறங்கும்போது எடையே கீழே இழுப்பதால் மோட்டாருக்குச் சிரமம் இல்லை.

நாற்காலியை எங்கே நிறுத்துகிறீர்கள்? பீப் ஒலி கேட்கிறதா?

கேட்டவர்:
கேட்கிறது ஐயா. கீழ்முனை வாசல் கதவை ஒட்டி இருப்பதால் பிள்ளைகள் இரண்டு படி மேலே நிறுத்திவிடுகிறார்கள்.

லிப்ட் பராமரிப்பவர்:
அதுதான் காரணமாக இருக்கும். சார்ஜ் ஏறும் தகடுகள் பொதுவாகத் தண்டவாளத்தின் இரு முனைகளில் இருக்கும். விலகி நின்றால் பேட்டரி வடிந்துகொண்டே போகும். பீப் ஒலி அதைத்தான் சொல்கிறது. மாடி முனையில் நிறுத்திவிட்டு, தேவைப்படும்போது ரிமோட்டில் கீழே அழைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்கச் சார்ஜ் ஏறிய பிறகும் தளர்ந்தால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் அதன் ஆயுள் முடிவது வழக்கம். இரண்டையும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

இன்னொருவர்:
தண்டவாளத்தின் பற்களையும் பாருங்கள். தரைவிரிப்பின் நூல் சிக்கியிருந்தாலும் மோட்டார் திணறும். கையேட்டில் சொல்லாத எண்ணெயைத் தடவ வேண்டாம், தூசி அப்பிக்கொள்ளும்.

கேட்டவர்:
பற்கள் சுத்தமாகவே இருந்தன. மாடி முனையில் நிறுத்தியதும் காலையில் சற்றுத் தேறியது, மாலையில் மறுபடியும் தளர்ந்தது. பொருத்தியவர்களை அழைத்தோம், ஆளை உட்காரவைத்து ஓட்டி வோல்ட்டை அளந்து, இரண்டு பேட்டரிகளையும் மாற்றினார்கள். பழைய வேகம் வந்துவிட்டது. அம்மா இப்போது தைரியமாகத் தனியே ஏறுகிறார். மிக்க நன்றி ஐயா.

மற்றொருவர்:
எங்கள் வீட்டில் வளைந்த தண்டவாளம். திருப்பத்தில் மட்டும் மெதுவாகிறது. இதுவும் பேட்டரியா?

லிப்ட் பராமரிப்பவர்:
இல்லை. உட்கார்ந்திருப்பவர் ஆடிப்போகாமல் இருக்க, திருப்பத்தில் வேகம் தானாகக் குறையும்படி செய்திருப்பார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அதே இடத்தில்தான் மெதுவாகிறதா என்று பாருங்கள். நேர்ப்பகுதியிலும் தளர்ந்தால் சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.