ஸ்கைரிம்: வழிமாறிப் போனவர்கள் சொல்லும் கதைகள்

கோடங்கி:

புதிதாக ஸ்கைரிம் என்ற வீடியோ கேமை ஆரம்பிப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். ஆரம்பத்தில் வரும் ரிவர்வுட் கிராமம் தாண்டியதும் மெயின் குவெஸ்ட்டை, அதாவது முக்கியக் கதையை, ஓரமாக வைத்துவிடுங்கள். உலகத்தையே அழிக்க வந்த டிராகன் ஆல்டுவினுக்கு ஒரு அவசரமும் கிடையாது, எத்தனை மாதமானாலும் காத்திருப்பான். (குறை என்று பார்த்தால் அதுவும் குறைதான்.)

எனக்கு மறக்காதது விண்ட்ஹெல்ம் நகரத்துப் பையன். தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்று யாரோ கிசுகிசுக்கிறார்கள். பூட்டைத் திறந்து உள்ளே போனால், அவென்டஸ் அரெடினோ என்ற சிறுவன் எலும்புகளைப் பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றி, கொலைகாரக் கூட்டத்தைக் கூப்பிட்டுப் பூஜை போட்டுக்கொண்டிருக்கிறான். நம்மைப் பார்த்ததும் அவர்கள்தான் வந்துவிட்டார்கள் என்று பூரித்துப்போகிறான். ரிஃப்டன் நகர அனாதை இல்லத்துக் கிழவி கிரெலாடைத் தீர்த்துக்கட்ட வேண்டுமாம். 'அன்பான கிரெலாட்' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வேறு!

போய்ப் பார்த்தால், பிள்ளைகளை நிற்க வைத்து வறுத்தெடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் விழுந்ததும் அத்தனை பிள்ளைகளும் ஆரவாரம் செய்கிறார்கள். சரி, முடிந்தது என்று எங்கோ படுத்துத் தூங்கினால், கண் விழிப்பது முன்பின் தெரியாத குடிசையில். முகத்தை மறைத்துக்கொண்டு உயரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கொலைகாரக் கூட்டத்தின் தலைவி அஸ்ட்ரிட், "எங்களுக்கு வரவேண்டிய கொலையை நீ திருடிவிட்டாய்" என்கிறாள். எதிரே கை கட்டப்பட்டு, முகம் மூடப்பட்டு மூன்று பேர். ஒருவரைக் கொன்றால் கணக்கு நேர். ஆனால் கத்தியை அவள் பக்கமே திருப்பலாம் என்று கேம் எங்கேயும் சொல்லாது. திருப்பினால், அந்தக் கூட்டத்தையே வேரோடு அழிக்கும் குவெஸ்ட்டாக மாறிவிடும்.

இவ்வளவு யோசித்தவர்கள், 2011 நவம்பரில் கேம் வந்தபோது அந்தப் பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டார்கள். தத்தெடுக்கும் வசதி 2012இல் ஹார்த்ஃபயர் என்ற டிஎல்சியோடுதான் (பின்னால் வெளியான கூடுதல் பகுதி) வந்தது. விண்டர்ஹோல்ட் மந்திரக் கல்லூரி இன்னும் மோசம். வாசலில் ஒரு மந்திரம் போட்டுக் காட்டச் சொல்வார்கள், தெரியாது என்றால் சோதிப்பவளே அதை விற்பாள். கோடாலியைத் தூக்கிக்கொண்டு திரிந்த என் ஆள் சொற்ப மந்திரத்தோடு கல்லூரித் தலைவனாகிவிட்டான். கிடைத்தது ஒரு அறை, ஒரு அங்கி. தலைவன் செய்ய வேண்டிய வேலை என்று ஒன்றும் கிடையாது. பட்டத்தைக் கொடுக்கத் தெரிந்த கேமுக்கு அப்புறம் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

ராப்பாடி:

அண்ணே, பிளாக்ரீச்சை விட்டுட்டீங்களே! ஆல்ஃப்டாண்ட் இடிபாடுகளுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தால், பூமிக்கடியில் ஒரு ஊரளவுக்குக் குகை, மரம் உயரத்துக்கு ஒளிரும் காளான்கள். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் பெரிய உருண்டை ஒன்று தொங்கும். விளையாட்டாக அதைப் பார்த்து, எதிரியைத் தூக்கியெறியும் மந்திரக் கத்தலான 'ஃபுஸ் ரோ டா'வைக் கத்தினேன். ஒரு டிராகன் வந்து இறங்கியது! எந்த குவெஸ்ட்டும் இதைச் சொல்வதில்லை.

ஆனால் சண்டையில் எனக்குத் திருப்தியே இல்லை. வாள் எதிரியின் மேல் படுகிற கனமே கைக்குத் தெரியாது. அதனால்தான் மந்திரவாதியாக ஆரம்பித்தவர்கூடக் கடைசியில் வில்லோடு பதுங்கி நடக்கிறார். மறைந்திருந்து விடும் அம்புக்கு அடி பல மடங்கு. தலையில் அம்பு குத்தி நிற்கும் கொள்ளைக்காரன் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, காற்றாக இருக்கும் என்று திரும்பிப் போவான். டிராகர் என்ற நடமாடும் பிணங்கள் இருக்கும் கல்லறைகளும் அப்படித்தான். டிராகன் நகம் போன்ற சாவியால் திறக்கும் புதிர்க் கதவுக்கான விடை அந்த நகத்தின் உள்ளங்கையிலேயே செதுக்கியிருக்கும். முதல் தடவை கண்டுபிடிக்கும்போது சந்தோஷம், அப்புறம் சாவியைத் திருப்புகிற வேலைதான்.

மூணாம்சாமம்:

பக் (கேமில் வரும் கோளாறு) பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? ஒரு அப்டேட்டுக்குப் பிறகு டிராகன்கள் பின்பக்கமாகப் பறந்தது ஊருக்கே தெரியும். ராட்சதன் தடியால் அடித்தால் நாம் வானத்துக்குப் போவோமே, அதுவும் கோளாறாக வந்ததுதான். வேடிக்கையாக இருக்கிறது என்று அப்படியே விட்டுவைத்தார்கள். நல்லவேளை! கணினியில் ஆடுபவர்கள் 2016இல் வந்த ஸ்பெஷல் எடிஷனையே எடுங்கள், 64 பிட் என்பதால் மோட்களை (ரசிகர்கள் செய்த மாற்றங்கள்) அடுக்கினாலும் தாங்கும். பைக்குள் பொருள் தேடிச் சலித்தவர்கள் முதலில் ஸ்கையுஐ என்ற மோடைப் போடுங்கள்.

அப்புறம், குறுகலான வாசலில் நம்மோடு வரும் துணைவீராங்கனை லிடியா வழியை மறித்து நின்றால் என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள். நான் ஃபுஸ் ரோ டாதான் போடுகிறேன்.