சோஷியல் மீடியா தளங்கள் காசு கேட்டதால், வெளியாட்கள் எழுதிய தேர்ட் பார்ட்டி ஆப்பை மூடினார்களே, உங்களுக்கு என்ன ஆச்சு?

தண்டையார்பேட்டை:
என் மச்சானுக்குக் கண் தெரியாது. கிரிக்கெட், அரசியல், வேலைவாய்ப்பு எல்லாம் ஒரு சின்ன தேர்ட் பார்ட்டி ஆப்பில்தான் கேட்பான். ஏபிஐக்கு, அதாவது தளத்தின் பதிவுகளை வேறு ஆப்கள் எடுக்கும் வழிக்கு, காசு என்றதும் அதை எழுதியவர் மூடிவிட்டார். சரி என்று தளத்தை நடத்தும் கம்பெனியின் சொந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். விரல் வைத்த இடத்திலெல்லாம், திரையை வாசித்துச் சொல்லும் போன் "பட்டன், பட்டன், பட்டன்" என்றது, எதற்கான பட்டன் என்று சொல்லவே இல்லை. கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "அப்புறம் பாத்துக்கலாம் மாமா" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். இன்னும் மனசு ஆறவில்லை.

வியாசர்பாடி:
மழை வந்தால் எங்களுக்கு முதல் கேள்வியே கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா என்பதுதான். தெருப்பேரோடு வரும் பதிவுகளைப் பொறுக்கி எங்கள் குரூப்புக்கு அனுப்ப ஒரு காலேஜ் பையன் பாட், அதாவது தானாக ஓடும் புரோகிராம், எழுதி வைத்திருந்தான். கட்டணம் வந்ததும் நிறுத்திவிட்டான், மாணவன் எங்கே போவான் அந்தக் காசுக்கு? 2023 டிசம்பரில் மிக்ஜாம் அடித்தபோது, கைக்குழந்தையோடு எந்தப் பக்கம் போவது என்று ஒரு அக்கா ஆடியோ மேல் ஆடியோவாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். சொல்ல ஒருத்தரிடமும் தகவல் இல்லை.

ராயபுரம்:
கடைக்காக நான் எழுதிய ஸ்கிரிப்டும் அப்படித்தான் ஒரு காலையில் நின்றது. ஆனாலும் தண்டையார்பேட்டை அண்ணே, சர்வர் செலவை யார் தருவது? ஏஐ கம்பெனிகள் பதிவுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகின்றன, ரெட்டிட் என்ற விவாதத் தளம் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. ஆப் 1000 தடவை ஏபிஐயிடம் தகவல் கேட்டால் 24 சென்ட் என்றார்கள். ட்விட்டரும் 2023இல் இலவசத்தை வெட்டிச் சுருக்கி, அடிப்படைத் திட்டத்துக்கு மாதம் 100 டாலர் வைத்தது. ஒரே தளத்தை நம்பாதீர்கள். உங்கள் பதிவுகளை முதலில் டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். ட்விட்டர் மாதிரியான மாஸ்டடானில் ஏபிஐ திறந்தே இருக்கிறது, டெலிகிராமில் பாட் எழுதக் காசு கிடையாது, வியாசர்பாடி பையனை அங்கே எழுதச் சொல்லுங்கள். மச்சானுக்கு ரெட்டிட் போதுமென்றால், கண் தெரியாதவர்களுக்கும் உதவும் ரெட்ரீடர், டிஸ்டோபியா என்ற இரண்டு ஆப்புக்கும் 2023இல் கட்டண விலக்கு கொடுத்தார்கள், போட்டுப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை:
தம்பி, காசு கேட்டதே தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? ரெட்டிட்டுக்கான அப்பல்லோ ஆப்பை எழுதியவருக்கு விலை தெரிந்தது 2023 மே 31, அமல் ஜூலை 1. வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரும் என்று கணக்குச் சொல்லிவிட்டு ஜூன் 30இல் மூடினார். ஒரு மாசத்தில் தனி ஆள் என்ன செய்ய முடியும்? நீ சொல்லும் விலக்கும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு வந்ததுதான். மச்சான் இருந்தது வேறு தளம், அவன் ஆப்புக்கு எந்த விலக்கும் வரவில்லை.